தொட்டில் தவணை

— கதவை விடுடி!

— விட மாட்டேன். அஞ்சு நிமிஷம் ஆகட்டும்.

— உள்ள எம் புள்ள தொண்டை கிழியக் கத்துறா. நீ பாட்டுக்குக் கதவுல சாஞ்சு கடிகாரத்தப் பாத்துட்டு நிக்கிற. மனுஷிதானா நீ?

— மெதுவாப் பேசுங்க. உங்க சத்தம் கேட்டா இன்னும் கத்துவா. ராத்திரி பத்து மணிக்கு வர்ற ஆளு, இன்னைக்கு என்ன ஏழு மணிக்கே வந்து நிக்கிறீங்க?

— பட்டறையில கரண்ட் இல்ல. லேத்து மெஷின் ஓடல, முதலாளி போகச் சொல்லிட்டாரு. ஏன், சீக்கிரம் வந்தது குத்தமா? மாடிப்படி ஏறும்போதே கேட்டுச்சு. எவ வீட்டுப் புள்ளையோ, தூக்கக்கூட நாதியில்லாம கத்துதேன்னு நெனச்சுட்டே ஏறினேன். வந்து பாத்தா என் வீடு!

— தினமும்தான் அழுறா. நாலு நாளா. நீங்க வர்றதுக்குள்ள அடங்கிடுவா, அதான் தெரியல.

— நாலு நாளாவா!

— பசியில்ல, ஈரமில்ல, காய்ச்சல் இல்ல. எல்லாம் பாத்துட்டுத்தான் படுக்க வெச்சேன். அப்பப்ப போய்த் தட்டிக் குடுக்கிறேன். தூக்கறது மட்டும் கிடையாது. தானாத் தூங்கப் பழகணும். எட்டு மாசம் ஆயிடுச்சு, பழக்கலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க.

— ஊசி போடுறவங்க ஊசியப் போடட்டும். நம்ம தொட்டில் எதுக்கு இருக்கு? ஸ்விட்சைத் தட்டினா தானா ஆடுது, பாட்டு வேற பாடுது. ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள அவளுக்குக் கண்ணு சொக்கிடும். அதுல போட்டுவிட உனக்கென்ன கேடு?

— அந்தப் பேச்சை விடுங்க.

— தம்பி! எதிர் வீட்டுலேருந்து பேசுறேன். கதவைத் திறக்க வேணாம், அங்கயிருந்தே கேளுங்க. ராத்திரி பூரா ஏடிஎம் வாசல்ல முழிச்சு உக்காந்திருக்கிற உத்தியோகம் எனக்கு. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இப்பதான் கொஞ்சம் கண்ணசருவேன். புண்ணியமாப் போகும், ஒண்ணு புள்ளைய நிறுத்துங்க, இல்ல நீங்க ரெண்டு பேரும் நிறுத்துங்க. மூணும் சேர்ந்தா தாங்கல தம்பி.

— இதோ, நிறுத்திடறேண்ணே! நீங்க படுங்க. கேட்டியாடி? ஊரே சிரிக்குது. நகரு.

— இப்பத் தூக்கினீங்கன்னா நாலு நாள் பட்ட பாடு வீணாப் போயிடும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், தூக்காதீங்க.

— நகருன்னேன்ல!

— போங்க. போய் நல்லாப் பாருங்க.

— ஏய், தொட்டில் எங்கடி?

— கண்ணு இருக்கில்ல? பாருங்க.

— தரையில படுத்திருக்கா. தொட்டில் இருந்த எடம் மொட்டையாக் கெடக்குது. ரிப்பேருக்குக் குடுத்தியா?

— வித்துட்டேன்.

— என்னது?

— வித்துட்டேன். அது போன நாள்லேருந்துதான் இவ இப்படி அழுறா. நீங்க ஹால்ல படுக்குறீங்க, எந்திரிச்சுப் போறீங்க. அவ்வளவு பெரிய தொட்டில், வீட்டை விட்டுப் போனதே இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரியுது.

— யாரைக் கேட்டு வித்த? அது எம் பொண்ணுக்கு நான் ஆசையா வாங்கினது!

— ஆசையாத்தான் வாங்கினீங்க. காசு குடுத்தா வாங்கினீங்க? தவணையில. மூணு மாசமாக் கட்டல. கடை ஆளு வந்து வாசல்ல நின்னு, 'தூக்கிட்டுப் போகவா'ன்னு கத்தினான். எதிர் வீட்டு அண்ணன் வந்து சமாதானம் பண்ணினாரு. தொட்டிலை வித்து, தொட்டிலோட பாக்கியக் கட்டினேன். சொல்றப்போ சிரிப்பா இருக்கில்ல? எனக்கு வயிறு எரியுது.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா என்ன பண்ணுவீங்க? முதலாளிகிட்ட இன்னொரு முன்பணம் கேப்பீங்க. ஏற்கெனவே வாங்கினதுக்கே பாதிச் சம்பளம் போகுது. மிச்சப் பாதிய உங்கண்ணன் முழுங்குறாரு.

— எங்கண்ணனை இதுல இழுக்காத.

— இழுப்பேன். அவரு லாரி வாங்க நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்க. நான் மசக்கையில கெடந்தேன். வாந்தி எடுக்கிறதுக்கு நடுவுல வேணாம் வேணாம்னு சொன்னேன். 'கூடப் பொறந்தவன்டி, விட்டுக் குடுக்க முடியுமா'ன்னீங்க. இப்ப லாரியும் போச்சு, அவரு போனையும் எடுக்கிறதில்ல. அவரு சாப்பிட்ட எலைய நாம எடுத்துட்டு இருக்கோம்.

— கையில வரும்போது குடுத்துடுவான்.

— எப்ப? நம்ம பொண்ணு பேரன் பேத்தி எடுத்த பிறகா?

— வாயை மூடு! சரி, கடன் என் தலையில. நான்தான் முட்டாள். விடிஞ்சதும் கிளம்பி ராத்திரி வரைக்கும் இரும்போட மல்லு கட்டுறேன், யாருக்காக? அந்தக் கோவத்தைப் புள்ள மேல ஏன் காட்டுற? தொட்டில் இல்லேன்னா மடியில போட்டு ஆட்டு. அதுக்குக் காசா, பணமா?

— நான் ஆட்டணும். எப்பவும் நான்தான் ஆட்டணும்.

— பின்ன? பெத்தவ நீதானே?

— அப்ப நீங்க யாரு, எதிர் வீடா? அந்த மெஷினை எதுக்கு வாங்கினீங்கன்னு மறந்துபோச்சா? எனக்கு ஒரு ராத்திரி காய்ச்சல். நிக்க முடியல. 'கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க'ன்னு உங்ககிட்ட குடுத்தேன். நான் மாத்திரை போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள, கை வலிக்குதுன்னு நீட்டினீங்க. மறுநாளே தொட்டிலோட வந்து நின்னீங்க. நாள் பூரா இரும்பைத் தூக்குற கை அது!

— நல்லது பண்ணாலும் குத்தமா? சரி, இப்பப் பாரு. நானே தூங்க வைக்கிறேன். வாடா குட்டி, அப்பா பாரு, அப்பா வந்துட்டேன். ஓ, ஓ, ஓ... ஐயோ, என்ன இவ வில்லு மாதிரி வளையுறா!

— முதுகைத் தாங்குங்க. தோள்ல போடுங்க.

— தோள்லதான் போட்டிருக்கேன். காதுக்குள்ளயே கத்துறா. என் மூஞ்சியப் பாத்தா இன்னும் கூடுது!

— முழிச்சிருக்கும்போது அந்த மூஞ்சிய எப்பப் பாத்திருக்கா? அவளுக்கு நீங்களும் கடை ஆளும் ஒண்ணுதான்.

— ச்சே! இந்தா பிடி. என்னால ஆகாது.

— வாங்க மாட்டேன். கையைக் கட்டிட்டேன் பாருங்க.

— கல்நெஞ்சுக்காரி. பச்சப் புள்ள கதறுது, கையைக் கட்டிட்டு நிக்கிற.

— ஆமா, கல்லுதான். முதல் நாள் இதே கதவுக்கு வெளிய, வாயில துணியை அடைச்சுக்கிட்டு அழுதேன். அவ அழ அழ பால் தானா வழிஞ்சு ரவிக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு. அன்னைக்கு நீங்க வந்து, 'சோத்தைப் போடு'ன்னீங்க. போட்டேன். இன்னைக்குக் கல்லாயிட்டேன். போதுமா?

— எல்லாம் அந்தத் தொட்டில் இல்லாததால வந்த வினை. யாருக்கு வித்த, அதைச் சொல்லு. நாளைக்கே மோதிரத்த அடகு வெச்சாவது திருப்பிக் கொண்டு வர்றேன்.

— எந்த மோதிரத்த? உங்கண்ணன் லாரிக்கு டயர் வாங்கினதே அந்த மோதிரத்துலதான்.

— எதையோ வெக்கிறேன்! யாரு வாங்கினா?

— கேட்டாலும் தர மாட்டாங்க.

— கூடக் காசு குடுத்தா தராம எங்க போவாங்க?

— அவங்களுக்கா காசு பெருசு? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பெரிய உத்தியோகம். புள்ள பொறந்து இப்பதான் ஒரு மாசம். தொட்டிலை ஆட்டிப் பாத்தாங்க, பிடிச்சிருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

— உன்னை எதுக்குப் பாக்கணும்?

— மெஷின் நின்னா குழந்தை முழிச்சுக்குமாம். ராத்திரி பக்கத்துல உக்காந்து தூக்க ஒரு ஆள் வேணுமாம். 'எம் புள்ள அழுற சத்தமே கேக்கக் கூடாது, சிணுங்கினா தூக்கிடணும்'னு அந்தம்மா சொன்னாங்க. தொட்டிலோட சேர்த்து என்னையும் பேசி முடிச்சுட்டாங்க. உங்கண்ணன் கடனுக்கு மாசாமாசம் கட்ட வேண்டியது அந்தச் சம்பளத்துல வந்துடும். திங்கக்கிழமையிலேருந்து நீங்க பத்து மணிக்கு வந்ததும் நான் கிளம்பிடுவேன். நீங்க வேலைக்குப் போறதுக்குள்ள வந்துடுவேன்.

— எவளோ பெத்த புள்ளைய நீ ராத்திரி பூரா தூக்கி வெச்சுக்குவ, எம் புள்ள இங்க தரையில தனியாக் கத்தணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்? வீட்டுல நான் இருக்கேன்லடி!

— இருக்கீங்க. அவ உங்க கையில ஒரு நாளாவது தூங்கியிருந்தா, நான் எதுக்குங்க இந்தக் கதவைச் சாத்தப் போறேன்?