கதிரை அடுக்கின பிரதம விருந்தினர்

ஹலோ… ஓம்… ஓம், லவினியாதான் கதைக்கிறன். சொல்லுங்கோ தபோதரன் அண்ணை… இல்லையில்லை, நித்திரையால எழும்பியாச்சு. நேற்றுப் பின்னேரத்தில இருந்து உங்களுக்குத்தான் எடுத்துக்கொண்டு இருக்கிறன். கழகத்தின்ர செயலாளரே போனைத் தூக்காட்டி நான் பிறகு ஆரிட்டக் கேக்கிறது?… ஓம்… ஓம், எனக்கு நேற்று வேலை, வரேலாமல் போச்சு. போட்டியின்ர முதல்நாள் நல்லா நடந்ததாம், கேள்விப்பட்டனான். கொத்துரொட்டியும் முடிஞ்சுதாம். சந்தோசம்.

நான் கேக்கிறது ஒண்டுதான். மாலையை ஆருக்குப் போட்டனீங்கள்?

…

பிரதம விருந்தினருக்கு. சரி. அவருக்குப் பேர் என்ன?… ஓம், ரடிம் கலூசா. அந்தப் பேரை உங்களுக்குத் தந்ததே நான்தானே. செக் நாட்டுப் பெடியன், பதினாலு வருசம் இஞ்ச ஜெர்மனியில பந்தடிச்சவன், பின்னுக்கு நிண்டு தடுக்கிற ஆள், இப்ப விளையாட்டை விட்டிட்டான், எங்கட பெடியளின்ர சுற்றுப்போட்டிக்கு வாறன் எண்டிட்டான் எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் மாலை போட்ட மனுசன் அவனில்லை அண்ணை. அது உங்கட ஜேர்சிக்குப் போனிலயே விளம்பரம் தந்த, நீங்கள் முகம் காணாத இன்சூரன்ஸ்காரர்.

என்ன?… ஆளைப் பாத்து நினைச்சனீங்களோ?

…ஓம், உயரம்தான். வெள்ளைதான். நல்ல காரில வந்து இறங்கினவர்தான். அதுக்காக?… படமோ? நான் தந்த படம் போன வருசம் எடுத்தது. தலையில முடியில்லை, நோட்டீஸுக்கு வடிவாயிருக்காது எண்டு சொல்லிப்போட்டு நீங்கள்தானே இன்ரநெற்றில தேடி அவன்ர இருபது வயசுப் படத்தைப் போட்டனீங்கள். எங்கட சனத்துக்குச் செத்தவீட்டு நோட்டீஸ் எண்டாலும் இளமையான படம் வேணும். பிறகு அந்த முடியைத் தேடினால் எங்கை இருக்கும்?

…வராமல் இல்லை. வந்தவன். உங்கள் எல்லாருக்கும் முதல் வந்தவன்.

கேளுங்கோ… இல்லை, முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நோட்டீஸில எத்தினை மணி போட்டனீங்கள்?… பத்து. நீங்கள் எத்தினைக்குப் போனீங்கள்?… ம்ம். பன்னிரண்டரை. பத்து எண்டு போட்டால் பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். அவனுக்கு என்னெண்டு தெரியும்? பயிற்சிக்கு ஒரு நாள் பிந்தினால் அடுத்த மாட்ச் வெளியில இருத்திற ஊரில வளந்தவன். பத்து மணிக்கு முதலே பூட்டின கேற்றடியில நிண்டிருக்கிறான், மழைக்குள்ள. தகப்பனையும் கூட்டிக்கொண்டு.

…தகப்பன்தான். செக்கில, ஒஸ்ட்ராவாவில இருந்து ரயில் ஏறி வந்த மனுசன். ரை கட்டி, கோட் போட்டு. மகனுக்கு மரியாதை செய்யப் போகினம் எண்டு.

பிறகு கழகத்தின்ர வான் வந்திருக்கு. பெடியள் சாமான் இறக்கியிருக்கிறாங்கள். சும்மா நிக்க ஏலாமல் அவனும் போய்க் கை குடுத்திருக்கிறான். கோல் வலை கட்டினது அவன். கோடு அழிஞ்சு போச்செண்டு திருப்பிப் போட்டது அவன். அந்தப் பழுதான முழங்காலோட. அதுக்குப் பிறகுதான் நீங்கள் வந்தனீங்கள். வந்து, மைதானம் பாக்கிற ஆளெண்டு நினைச்சு, சனம் இருக்கிற கதிரையளை மேடையடிக்குக் கொண்டு போகச்சொல்லிக் கையால காட்டினது ஆர்?

…

ஓம். நீங்கள்தான். ஒரு வணக்கமும் இல்லை, ஒரு தேத்தண்ணியும் இல்லை.

…ஆர் சொன்னதெண்டால் என்ன, வீடியோவில கிடக்கு. நீங்களே பேஸ்புக்கில போட்டிருக்கிறியள். நல்லாப் பாருங்கோ. இன்சூரன்ஸ்காரர் மாலையும் பொன்னாடையுமா நிண்டு சிரிக்கிறார். பின்னுக்கு ஒருத்தன் ரெண்டு கையிலயும் கதிரையோட நிக்கிறான். அவன்தான் கலூசா.

இடப்பக்கம் பாருங்கோ. மர வாங்கில இருந்து ஒரு வயசு போன மனுசன் எழும்புறார், அவன்ர தகப்பன். உங்கட அறிவிப்பாளர் தமிழிலதானே வெளுத்து வாங்கினவர், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ரடிம் கலூசா எண்டது மட்டும் விளங்கினது. அதைக் கேட்டுத்தான் எழும்பினவர். கோட் பொத்தானைப் பூட்டினவர். மாலை மற்ற ஆளின்ர கழுத்தில விழுகுது. மனுசன் கை தட்டுறார் அண்ணை. அடுத்தது தன்ர பிள்ளைக்கு எண்டு நினைச்சுக்கொண்டு கை தட்டுறார்.

…

சின்னப் பிழையோ? உங்களுக்குச் சின்னப் பிழை.

இல்லை, நான் சத்தம் போடேல்லை… ஓம், போடுறன். போடுவன். அவன்ர முழங்காலுக்கு ஆறு வருசம் பயிற்சி குடுத்தவள் நான். எனக்குத் தெரியும் அவன் என்னத்தைக் கண்டவன் எண்டு. இருபது வயசில இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கு வந்தவன். கழகம் கீழ இறங்க இவனையும் கீழ இறக்கினவை. வேற கழகத்துக்கு இரவல் குடுத்தவை, இரவல் வாங்கின சைக்கிள் மாதிரித் திருப்பி விட்டவை. முதலாம் பிரிவில ஆடினது ஏழே ஏழு மாட்ச். ஒருக்கால் கடைசி நிமிசத்தில கோல் கோட்டில படுத்து முகத்தால பந்தைத் தடுத்துக் கழகத்தைக் காப்பாத்தினவன். மூக்கு உடைஞ்சது. அடுத்த நாள் பேப்பரில ஆற்ற படம்? கோல்கீப்பரின்ர. தடுக்கிறவன் பிழை விட்டால்தான் சனம் அவன்ர பேரைக் கேக்கும்.

…இருங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை. கழகம் அவனை நிப்பாட்டினது எப்பிடித் தெரியுமோ? என்ர சிகிச்சைக் கட்டிலில படுத்திருக்கிறான், கால் என்ர கையில கிடக்கு, போன் வருது. அவன் ஓம், ஓம், விளங்குது எண்டு மட்டும் சொன்னவன். அந்தப் பக்கம் என்ன சொன்னவை எண்டு எனக்குக் கேக்கேல்லை. கால் இறுகினதில எனக்கு விளங்கிட்டுது. போனை வைச்சிட்டு, நீங்கள் உங்கட வேலையைச் செய்யுங்கோ எண்டவன். அவ்வளவுதான். மற்றவைக்குக் கடைசி மாட்சில பூங்கொத்துக் குடுத்து ஆக்கள் எழும்பி நிண்டு கை தட்டினவை. இவன் காயத்தோட வீட்டில கிடந்தவன். ஒருத்தரும் வரேல்லை.

அதாலதான் சொன்னனான். எங்கட சனம் மரியாதை செய்யிறதில குறை வைக்காது, ஒருக்கால் வந்து பார் எண்டு. பெருமையாச் சொன்னனான் அண்ணை. அவன் கேட்டது ஒண்டுதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேட்டவன்.

…

எனக்கென்னத்துக்கு மன்னிப்பு?… அவனிட்டயோ? அவன் கோவிக்கேல்லை. அதுதான் இன்னும் மோசம். இரவு எனக்குப் போன் எடுத்துச் சிரிச்சவன். உங்கட ஆக்கள் நல்லாக் கதிரை அடுக்க வைக்கினம் எண்டான். நான் அழுதிட்டன்.

ஆனால் தகப்பனுக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டான். முதல்நாள் விளம்பரம் தந்த ஆளுக்குத்தானாம் மாலை, தனக்கு ரெண்டாம் நாள், இறுதி ஆட்டத்தில எண்டு சொல்லிப்போட்டான். பாவம் மனுசன், நேற்று இரவு ரயிலில திரும்பவேண்டியவர், போகேல்லை. நிண்டிட்டார்.

…ஓம், அதைத்தான் கேக்கிறன். இண்டைக்கு இறுதி ஆட்டம்தானே. மேடை இருக்கு, மைக் இருக்கு. ரெண்டு நிமிசம் போதும்.

…ஓம்… ஓம்… சரி… மாலை இல்லாட்டிப் பறவாயில்லை… பொன்னாடை இன்னொண்டு இருக்கோ? நல்லது… ஓம், ஓம், பரிசு குடுக்கிறதுக்கு முதல், சரி… சந்தோசம் அண்ணை. நீங்கள் செய்வியள் எண்டு எனக்குத் தெரியும். எத்தினை மணிக்கு?… இல்லை, நோட்டீஸ் நேரம் வேண்டாம், உண்மையான நேரத்தைச் சொல்லுங்கோ… ஐஞ்சு. சரி.

என்ன?

…திருப்பிச் சொல்லுங்கோ. என்னெண்டு அறிவிக்கப்போறியள்?

…

மைதான ஒழுங்குக்கு உதவின வெள்ளைக்கார நண்பரோ.

…ஏன் பேர் சொல்ல ஏலாது?… ஓ. நேற்றே ஒரு கலூசாவுக்கு மாலை போட்டாச்சு. இண்டைக்கு இன்னொரு கலூசா வந்தால் மற்றக் கழகங்கள் சிரிக்கும். அதுதானே?… இன்சூரன்ஸ்காரர் அடுத்த வருசம் ஜேர்சி தரமாட்டார். அதுவும்தானே?… தலைவர் நவரத்தினம் அண்ணையின்ர முடிவோ? அவரும் வீடியோ பாத்தவரோ?… பாத்தும் சொல்லுறாரோ?

அப்ப பிழை விட்டது நீங்கள், வெக்கப்படவேண்டியது அவனோ? பதினாலு வருசமா ஜெர்மன்காரர் செய்ததையே நீங்களும் செய்யிறியள். அவை பொன்னாடை போர்க்காமல் செய்தவை, நீங்கள் போர்த்துச் செய்யிறியள். அதுதான் வித்தியாசம்.

…தமிழில என்ன சொன்னாலும் அவனுக்கு விளங்காது எண்டோ? ஓம், விளங்காது. அந்தத் தகப்பனுக்கும் விளங்காது. அவர் தன்ர பிள்ளையின்ர பேருக்குத்தான் காது குடுத்துக்கொண்டு இருப்பார். அந்தப் பேர் வராட்டில் எழும்பமாட்டார் அண்ணை. இன்னும் வரும், இன்னும் வரும் எண்டு வாங்கிலயே இருப்பார்.

…

கொஞ்சம் பொறுங்கோ. கீழ கார் வந்து நிக்குது… அவன்தான். பன்னிரண்டுக்கு வந்து என்னை ஏத்திறன் எண்டவன். இன்னும் பன்னிரண்டு ஆகேல்லை. தகப்பனும் இறங்கி நிக்கிறார். அதே கோட், அதே ரை. சப்பாத்து மினுக்கியிருக்கிறார். மேல பாத்துக் கை காட்டுறார்.

அண்ணை, இப்ப சொல்லுங்கோ. நான் கீழ இறங்கி அவையளைக் கூட்டிக்கொண்டு வாறதோ, திருப்பி ரயிலுக்கு அனுப்பிறதோ?… பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ. எங்கட ஆக்கள் பாப்பம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்… தலைவரிட்டக் கேக்கத் தேவையில்லை, மைக் உங்கட கையிலதானே… பொன்னாடையும் வேண்டாம். கதிரையும் வேண்டாம், அவன் நிண்டுகொள்ளுவான். பேரை மட்டும் சொல்லுங்கோ. ரடிம் கலூசா. ரெண்டு சொல்லு, நேற்று உங்கட அறிவிப்பாளர் வடிவாச் சொன்னவர்தானே…

ஹலோ?

அண்ணை?… ஹலோ?