ஊட்டை யாரு பாக்கறது?

ராதிகா: ...போனை வெச்சிராதீங்க. நர்சு வந்து நிக்கறாங்க. இன்னிக்கே பெட்டுல சேரச் சொல்றாங்க.

மாதேஸ்வரன்: சேந்துக்க. அந்தக் கட்டிய இன்னும் எத்தன நாளைக்கு வயித்துல வெச்சிருப்ப?

ராதிகா: சேந்தா பத்து நாளாகுமாம். அங்க மலைல ஊட்டை யாரு பாக்கறது?

மாதேஸ்வரன்: ஏன், நான் ஒருத்தன் இல்லையா?

ராதிகா: நீங்களா! உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?

மாதேஸ்வரன்: நேத்தே எல்லாம் சொல்லிட்டுத்தான போன?

ராதிகா: கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தன நாளைக்கு வரும்?

மாதேஸ்வரன்: கேட்டுத்தான் பாரேன்.

ராதிகா: மாமாவுக்குப் பிரசர் மாத்திரை?

மாதேஸ்வரன்: ம்... இரு... குடுத்தாச்சு. பாதியா ஒடச்சு.

ராதிகா: அட! ஆடு?

மாதேஸ்வரன்: ஆடு... பாறைக்கு அந்தாண்ட கட்டியிருக்கு. குச்சிக்கிழங்குத் தழையத் தின்னா செத்துருமாமே.

ராதிகா: செத்துருமாமேவா? யாரு சொன்னா?

மாதேஸ்வரன்: யாரு சொல்லணும்? எனக்குத் தெரியாதா?

ராதிகா: போன வருசம் அந்த மரவள்ளிக் காட்டுலயே கொண்டுபோய்க் கட்டுன ஆளு நீங்கதான!

மாதேஸ்வரன்: பழசக் கெளறாத புள்ள.

ராதிகா: மொளகு காயுதா? பனி எறங்குனா...

மாதேஸ்வரன்: தார்ப்பாயப் போட்டு மூடணும். அது... ம்... கட்டிலுக்கு அடியில.

ராதிகா: காஸ் சிலிண்டரு?

மாதேஸ்வரன்: தீரப்போவுது. செம்மேட்டுல சொல்லியாச்சு.

ராதிகா: ஏனுங்க... நெசமாலுமே தெரியுதுங்க உங்களுக்கு! நான் ஒருத்திதான் எல்லாத்தையும் மண்டையில சொமக்கறேன்னு... பஸ்ஸு எறங்குற வளைவுக்கு வளைவு அழுதுக்கிட்டே வந்தேன். ஆபரேசனுக்குக்கூட அவ்வளவு பயமில்ல.

மாதேஸ்வரன்: அழுவாத சாமி. மொதல்ல சேந்துக்க.

ராதிகா: சரிங்க... நர்சம்மா, நான் இருந்துக்கறேனுங்க... ஏனுங்க, சொல்லிட்டேன். இப்பத்தான் மூச்சே வருது. யமுனா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?

மாதேஸ்வரன்: யமுனா... போயிருச்சு, போயிருச்சு.

ராதிகா: இன்னிக்குக் கணக்குப் பரீச்சை. நல்லா எழுதச் சொன்னீங்களா?

மாதேஸ்வரன்: பரீச்சையா? இன்னிக்கா?

ராதிகா: ஏனுங்க? தெரியாதா உங்களுக்கு? அங்க யாரு மூக்க உறிஞ்சறது?

மாதேஸ்வரன்: போனைப் புடுங்காத கண்ணு... இரு... நான் சொல்றேன்...

யமுனா: அம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியலம்மா, நான்தான் பக்கத்துல நின்னு சொன்னேன். நீ பயப்படாம இரு. நீ வர்ற வரைக்கும் நான் லீவு போட்டுக்கறேன்.