பவுடர் படாத இடம்

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் வண்டிக்கு முன்பக்க இடது சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, ஐயா. உள்ளே வரும்போதே கண்ணில் பட்டது. இன்றே நிரப்பிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டயர் ஓரம் தேய்ந்துபோகும். எனக்கு இது பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இந்த நாற்காலியே போதும். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? மூன்று மணி ஐந்து நிமிடம். நல்லது, நாலு மணிக்குள் சொல்லி முடித்துவிடலாம். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நடுவில் ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

நான் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வாரண்டி பார்ப்பவன். புது வண்டிக்கு ஐந்து வருடம் கம்பெனி பொறுப்பு. அதற்குள் எது கெட்டாலும் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும், வண்டியின் சொந்தக்காரர் அதில் தன் கைவரிசையைக் காட்டாமல் இருந்தால். காட்டியிருக்கிறாரா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒரு டாக்டர் தன் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இன்ஜின்மேல் தூசி படிந்திருந்த விதத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். பில்லைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். எதைக் கழற்றினாலும் அது இருந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரியும், ஐயா. அதை யாரும் யோசிப்பதில்லை.

என் தங்கையின் கணவர் போன வருடம் டர்போ வண்டி ஒன்று வாங்கினார். டர்போ என்பது ஒரு சின்ன விசிறி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜின் போல இழுக்கும். ஆனால் அவர்கள் வீடு ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையின் உச்சியில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது என்று மாப்பிள்ளை ஒரே புலம்பல்.

"டர்போன்னு பேர்தான் பெருசு மச்சான். பின்னால வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிச்சு ஓரங்கட்டச் சொல்றான். மானம் போகுது."

"அப்ப லாரி வாங்கியிருக்கலாம்."

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க கையில இல்லாத வித்தையா? வண்டி பறக்கணும், வாரண்டியும் போகக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

மறுத்திருக்கலாம். இரண்டு வாரம் மறுக்கவும் செய்தேன். ஆனால் என் கண்ணையே ஏமாற்றுகிற மாதிரி ஒரு வேலையை என்னால் செய்ய முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு சபலம் இருந்துகொண்டே இருந்தது. பிறகு செய்தேன்.

அது உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி. காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் வண்டியின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதை மாட்ட வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் காற்றை ஏற்றும். கம்ப்யூட்டருக்குள் எதையும் மாற்றுவதில்லை என்பதால் அங்கே தடயம் இருக்காது. சர்வீஸுக்கு முந்தின நாள் பெட்டியை எடுத்துவிட்டுப் பழைய வயரைச் செருகினால், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். கிளிப்பில் கீறல் விழக்கூடாது என்று நான் ஸ்க்ரூ டிரைவரையே தொடவில்லை, நூல் கட்டி இழுத்துக் கழற்றினேன். அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, என் தங்கைக்கும் சேர்த்து. இரண்டாவது, வண்டிக்கு எது ஆனாலும் முதல் போன் எனக்கு வர வேண்டும். "என்னைக் கேக்காம வேற யாரையும் கூப்பிடாதீங்க. நான் பெட்டியை எடுத்த பிறகுதான் மத்தவங்க பானெட்டைத் திறக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே என் எண்ணை முதல் பட்டனில் போட்டுக்கொண்டார். ஏற்றத்தில் ஒரு லாரியை முந்திய அன்று எனக்கு போன் செய்து ஐந்து நிமிடம் பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் அவர் வண்டி நிறத்தில் எந்த வண்டி நுழைந்தாலும் ஓடிப்போய் நம்பரைப் பார்ப்பேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இத்தனை வருடம் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம்கூட, நான் பிடிபடுகிற இடத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் போலிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தது. முந்தின நாளே பெட்டியை எடுத்துவிட்டேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி நானே பார்த்தேன். டர்போவுக்கு ஆயில் போகிற குழாயின் மூட்டில் ஈரம் இருந்தது. பெட்டியால் வந்த கூடுதல் சூட்டில் வாஷர் வெந்து போயிருந்தது. அந்தக் குழாய்க்குக் கீழேதான் டர்போ, ஏற்றத்தில் பழுக்கக் காய்ந்து நிற்கும். அதன்மேல் ஆயில் சொட்டினால் என்ன ஆகும் என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுப்பவனே நான்தான்.

மாற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் புது வண்டியில் அந்தக் குழாயை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் கம்பெனி இன்ஜினியர் வருவார். அவர் என்னைவிட நன்றாகப் பார்ப்பவர். எனவே துணியால் துடைத்தேன், மூட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், படிவத்தில் அந்த வரிக்கு எதிரே சரி என்று டிக் போட்டேன். மறுநாள் மாப்பிள்ளை பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். மாட்டினேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. பானெட்டிலிருந்து குபுக்கென்று புகை கிளம்பி, பாதை தெரியாமல் வளைவுச் சுவரில் இடித்துவிட்டார். சாலையில் வேறு யாரும் இல்லை.

"கால் மாட்டிக்கிச்சு மச்சான். பெருசா அடி ஒண்ணும் இல்ல. யாரையும் கூப்பிடல, உங்களுக்குத்தான் முதல்ல போட்டேன்."

"நல்லது மாப்பிள்ளை. அப்படியே இருங்க, வந்துட்டேன்."

எட்டு நிமிடத்தில் போனேன். அவர் சொன்னது உண்மைதான், பெரிய அடி இல்லை. நெற்றியில் ஒரு கீறல். பெடலுக்கும் நசுங்கிய தகரத்துக்கும் நடுவில் வலது பாதம் சிக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. பானெட் ஓரத்தில் புகை வந்துகொண்டிருந்தது, தீ இல்லை. என் வண்டியில் தீயணைக்கும் சிலிண்டர் எப்போதும் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினேன், ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்போதே அடித்திருந்தால் அணைந்திருக்கும். அடிக்கத்தான் சிலிண்டரின் பாதுகாப்புப் பின்னைப் பிடுங்கினேன். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான். இந்தச் சிலிண்டரில் இருப்பது வெள்ளைப் பவுடர். அடித்தால் இன்ஜின் முழுக்கப் படியும். பிறகு பெட்டியை எடுத்தால், அது இருந்த இடத்தில் மட்டும் பவுடர் இருக்காது. உள்ளங்கை அளவுக்கு, ஓரம் நறுக்கியது மாதிரி ஒரு சுத்தமான சதுரம். கம்பெனி இன்ஜினியர் பானெட்டைத் திறந்த பத்தாவது நொடியில் அதைப் பார்த்துவிடுவார். நானாக இருந்தால் ஐந்தாவது நொடியில் பார்த்திருப்பேன்.

ஆகவே முதலில் பெட்டி, பிறகு பவுடர் என்று முடிவு செய்தேன். சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு வளைந்த பானெட்டை நெம்பித் திறந்தேன். புகைகிற இடத்துக்குக் காற்று விடக் கூடாது என்பதும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுதான்.

"என்ன பண்றீங்க மச்சான்?"

"பேட்டரியைக் கழட்டறேன். கழட்டினா பயமில்ல."

"சரி மச்சான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சூடு வருது" என்றார். "ஒரே நிமிஷம் மாப்பிள்ளை" என்றேன். கிளிப் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் இளகிப்போய்க் கையில் ஒட்டியது. நூல் இல்லாததால் கீறல் விழாமல் எடுக்க நேரம் ஆயிற்று. அவர் அதற்குள் என்னை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டு வெறுமனே கத்த ஆரம்பித்திருந்தார். பழைய வயரை அதன் இடத்தில் செருகினேன். கிளிக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால்தான் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம். மொத்தம் ஆறு நிமிடம்.

பிறகு சிலிண்டரை எடுத்து அடித்தேன், பவுடர் தீரும் வரை அடித்தேன். அது சின்ன சிலிண்டர், சின்னத் தீக்குத்தான் போதும். தீயணைப்பு வண்டி வந்தபோது அவர் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

என் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன. இதோ, பாருங்கள். மாப்பிள்ளையைக் காப்பாற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன் என்று ஊரே சொல்லிற்று. நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் தங்கை தாலி இழந்த கையோடு ஒரு மாதம் எனக்கு மருந்து போட்டாள். சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள். "உங்களுக்காவது ஒண்ணும் ஆகாம இருக்கணும்ணா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

கம்பெனி இன்ஜினியர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். என் அருகில் நின்றுதான் பார்த்தார். கடைசியில், வண்டியில் யாரும் கை வைக்கவில்லை, குழாய் மூட்டில் தயாரிப்புக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, அதே மாதிரி புது வண்டி ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த வாக்கு, வாரண்டி போகாது என்பது. போகவில்லை.

இதோடு முடிந்திருக்கும். நேற்று தங்கை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

"அண்ணா, அவர் வண்டியில ஒரு பெட்டி வச்சுக் குடுத்தீங்கல்ல, அதை இதுலயும் வச்சுக் குடுங்க. மேட்டுல ஏறவே மாட்டேங்குது."

"எந்தப் பெட்டி?"

"அவர் என்கிட்ட சொல்லாம இருப்பாரா? சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னாரு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலண்ணா."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து நான் நேற்றுதான் பார்த்தேன். அவளுக்கு எதிலும் சந்தேகமில்லை. ஆனால் இன்றில்லாவிட்டால் நாளை, எங்காவது, யாரிடமாவது அந்தப் பெட்டியைப் பற்றி வாய் தவறிச் சொல்வாள். பத்தொன்பது வருடம் நான் தேடிப் பிடித்ததெல்லாம் அந்த மாதிரி ஒரு சின்னத் தடயத்தைத்தான். என் கூடப் பிறந்தவளை நான் பார்த்த பார்வை எனக்கே நன்றாக இல்லை.

வண்டியை விட்டுப் போ, நாளைக்குத் தருகிறேன் என்றேன். இன்று காலை அதே மாதிரி இன்னொரு பெட்டியை மாட்டினேன். அதன் பக்கத்தில்தான் ஆயில் குழாயின் மூட்டு. ஸ்பேனர் கையில் இருந்தது. அரைச் சுற்று தளர்த்தினேன். ஒரு ஏற்றம் தாங்கும், இரண்டாவது தாங்காது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் பயம் வந்தது. உடனே இறுக்கிவிட்டேன்.

இறுக்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஐயா. யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினேன், பானெட்டை மூடினேன். மத்தியானம் அவள் வந்து எடுத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அது முதல் ஏற்றம். அவளுக்குப் போன் செய்து சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பாளே. அதனால்தான் நேரே உங்களிடம் வந்தேன். நாலு மணிக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கீழே இறங்குவாள், பிறகு இரண்டு பேருமாக மேலே ஏறுவார்கள்.

மணி என்ன? மூன்றே முக்கால். பார்த்தீர்களா, சொன்னபடி நாலு மணிக்குள் முடித்துவிட்டேன். இதுதான் அவள் நம்பர். வண்டியை எடுக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த மூட்டைப் பார்க்க மட்டும் கம்பெனி ஆளையே வரச் சொல்லுங்கள், ஐயா. வெளி மெக்கானிக் யாராவது கை வைத்தால் வாரண்டி போய்விடும்.