பாதை மூடப்பட்டுள்ளது

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்ப்பார்கள். ஓடையைக் கடக்கும் தரைப்பாலத்துக்கு ஆகப் பக்கத்தில் இருப்பது என் பண்ணை. அதனால் 'பாதை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைக் கவுன்சில்காரர்கள் என் கொட்டகையில்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் கொண்டுபோய் வைப்பேன், வடிந்தால் எடுத்துவிடுவேன். சம்பளம் கிடையாது. முன்பு இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றைப் பன்றி வேட்டைக்கு வந்தவர்கள் சுட்டுச் சல்லடையாக்கிவிட்டார்கள். இன்னொன்று வேண்டும் என்று கேட்டேன், வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜெண்ட்.

டாரில் எனக்கு அடுத்த பண்ணைக்காரன். அவனுடைய டிராக்டரில் கியர்பாக்ஸ் போனபோது வங்கி கையை விரித்துவிட்டது. நான் ஒன்பதாயிரம் டாலர் கொடுத்தேன். ஒரு காசு திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக என் மாட்டுப்பட்டியைக் கட்டித் தந்தான் என்று ஊரில் சொல்வார்கள். கட்டினான்தான். இரண்டு குளிர்காலம், கம்பம் கம்பமாக நட்டு, குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து, கதவு மாட்டிக் கொடுத்தான். வேலை சுத்தம், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். முடித்த அன்று மேல் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "யோவ் நெவ், இதோட நம்ம கணக்கு தீந்துச்சுல்ல?" என்று கேட்டான். நான் என் பீர் பாட்டிலை அவன் பாட்டிலோடு இடித்தேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. சாசேஜ் தட்டோடு வந்த என் மனைவி நோரின் அதைப் பார்த்தாள்.

பாட்டில் இடிப்பது ரசீது ஆகாது. ஆனாலும் நான் அதோடு விட்டிருப்பேன். அடுத்த மாதம் பப்பில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"நெவ்கிட்ட கடன் வாங்குனா பணமாத் திருப்பிக் குடுக்காதீங்கப்பா. நாலு கம்பத்த நட்டுவிட்டாப் போதும், பெருசு ஒம்பதாயிரத்தையும் மறந்துரும்."

பார் முழுக்கச் சிரித்தது. நானும் அங்கேதான், கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். வேடிக்கைக்குச் சொன்னதாம். வேடிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்று எனக்குப் பட்டது, சிறு வழக்கு மன்றத்தில் மனு போட்டேன். அது நல்ல இடம். வக்கீல் கிடையாது, செலவும் கம்மி. ஒருவர் வராவிட்டால் வந்தவர் பக்கம் பெரும்பாலும் உத்தரவு போட்டுவிடுவார்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. நேரத்துக்கு வருகிறவனை மதிக்கிற விதி.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் நோரின் சொன்னாள்:

"நாளைக்கு நானும் டவுனுக்கு வர்றேன்."

"வா. வண்டில எடம் இருக்கு."

"உன் வண்டில இல்ல நெவ். டாரில் வண்டில வர்றேன். பாட்டில இடிச்சத நான் பாத்தேன். கேட்டாங்கன்னா சொல்லுவேன்."

"என்ன சொல்லுவ?"

"நடந்தத. வேற என்ன சொல்ல?"

பிறகு உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், நான் எப்போதும் கேட்பேன் என்று தெரியும். நான் கோபப்படவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே மேஜையில் சாப்பிட்டவள், அந்நிய ஆட்கள் முன்னால் எதிர் நாற்காலியில் உட்காரப் போகிறாள். எனக்கு வலித்தது, அவ்வளவுதான்.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் பலகையை வண்டியில் ஏற்றினேன். சமையலறை ஜன்னலிலிருந்து நோரின், "பலகைய எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தரைப்பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேலே முழங்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. அந்த அளவில் இங்கே எல்லோரும் வண்டியை விடுவார்கள். ஆனால் நடுவில் தண்ணீர் குழிந்து சுழன்றது. ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன், தரை தட்டவில்லை. நடுத்தளம் பெயர்ந்து போயிருந்தது.

ஆமாம், அதைத் தெரிந்துகொண்டுதான் திரும்பினேன்.

டவுனுக்கு இரண்டு வழி. ஒன்று ஓடை வழி, மற்றது மலை வழி. மலை வழி அன்று நன்றாகத்தான் இருந்தது, அதில்தான் நான் போனேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, எனக்குப் பின்னால் பலகையை வைத்தேன். கையில் இருந்தது ஒன்றுதான், இரண்டு இடத்தில் வைக்க முடியாது. கண்மூடித்தனமாகவும் செய்யவில்லை. பள்ளி விடுமுறை, பேருந்து ஓடாது. பால் லாரி முந்தின நாளே வந்து போய்விட்டது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

பலகையைப் பார்த்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். மலை வழி மூடியிருந்தால் இந்த ஊரில் யாராவது வீட்டுக்குத் திரும்பியதுண்டா என்று கேட்டீர்கள். இல்லை. ஓடை வழியாகத்தான் போவார்கள். நெவ் அங்கே பலகை வைக்கவில்லை என்றால் பாலம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நோரினே அதைப் பலரிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

மன்றத்தில் டாரிலின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மழையால் வர முடியவில்லையோ என்று மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டார்.

"நானும் அதே பள்ளத்தாக்குலேருந்துதாங்க வர்றேன்," என்றேன். "வழி இருந்துச்சு."

ஒன்பதாயிரமும் மனுச் செலவும் என்று உத்தரவானது. திரும்பும்போது மலை அடிவாரத்தில் ஈர மண்ணில் டயர் தடம் வளைந்து திரும்பியிருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். கீழே மரத்தில் சிக்கி டாரிலின் வண்டி கவிழ்ந்து கிடந்தது. முதலில் பலகையைச் சரியான இடத்தில் நிறுத்தினேன், அதன் கால்களில் மண்மூட்டை வைத்தேன். பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். வேறு யாராவது வந்து விழக் கூடாதே. என் வேலை அது.

டாரிலின் மகன் பணம் தர மாட்டேன் என்கிறான். உத்தரவு உத்தரவுதான், டாரில் விட்டுப்போன சொத்தை விற்றாவது வாங்குவேன்.

நேற்று நீங்கள் அந்த வண்டியில் கிடைத்த ஐஸ் பெட்டியை என் முன்னால் திறந்து காட்டினீர்கள். மூன்று சாண்ட்விச் பொட்டலங்கள். இரண்டில் பீட்ரூட் இருந்தது, ஒன்றில் இல்லை. பீட்ரூட் போட்டால் நான் தொட மாட்டேன். விசாரணை முடிந்ததும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட நினைத்திருக்கிறாள். இதைப் பார்த்து நான் உடைந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்க மாட்டாள். அந்த வழக்கில் நான் எப்படியும் ஜெயித்திருப்பேன்.