கரி மக்காது

நிலம் அளக்கிற வேலையில் இருப்பவனுக்குச் செருப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆம்பூரில் வீடு இருப்பதால் எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. தையல் கோணல் என்று ஷூ கம்பெனிகள் கழித்துப் போட்ட ஜோடி எப்போதும் என் கால் அளவில் கிடைக்கும். நேற்று அந்தச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பையில் போட்டு சீல் வைத்தீர்கள் மேடம். அடியில் ஒட்டியிருப்பது நாவலேரி மண்தான். அதற்காக ஆய்வகம் வரை அனுப்ப வேண்டாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் பெயர் கோபிநாத். முப்பத்தோரு வருஷம் அரசாங்க சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் எடுத்துத் தனியாக அளந்து கொடுக்கிறேன். அரிவாளோடு நின்ற அண்ணன் தம்பிகள்கூட நான் டேப்பை விரித்தால் அடங்கிப்போவார்கள். நீங்களே எழுதுங்கள் என்று காகிதத்தை நீட்டினீர்கள், நல்லதாகப் போயிற்று. நான் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது.

நாவலேரியை அளந்து முதலில் எல்லைக்கல் நட்டவனும் நான்தான். பதினான்கு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு கம்பெனி ஏரிக்கு மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் வாங்கித் தொழிற்சாலைக்கு வரைபடம் போட்டது. ஏரியின் எல்லைக்கல்லிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது அனுமதியில் உள்ள நிபந்தனை. அவர்கள் கட்டடமோ முப்பது மீட்டரில் வந்து நின்றது. அதைப் பின்னால் தள்ளலாம் என்றால் பின்னால் ரோடு. மேற்குப் பக்கத்து நான்கு கற்களும் ஏரிக்குள் இருபது மீட்டர் போனால் எல்லாம் பொருந்திவிடும். கம்பெனி ஆள் 'நகர்த்துவது' என்றான். அந்த வார்த்தை வேண்டாம், 'சரிசெய்வது' என்று சொல்லுங்கள் என்றேன்.

"நீங்க நட்ட கல்லு சார், நீங்கதான் தொடணும். வேற எவன் கையும் சரிப்படாது," என்றான். உண்மையைச் சொல்கிறவனை எனக்குப் பிடிக்கும்.

ஏரி என்று பெயர்தானே தவிர, தோல் கழிவு கலந்து தண்ணீர் காப்பி நிறத்தில் கிடக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம். தொழிற்சாலை வந்தால் எண்ணூறு பெண்களுக்கு வேலை. இருபது மீட்டர் சேற்றையும் எண்ணூறு குடும்பத்தையும் தராசில் வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில், பட்டப்பகலில், நானும் வீரபாகுவும் நான்கு கற்களையும் சரிசெய்தோம். வீரபாகு இருபது வருஷமாக எனக்குச் செயின் பிடிக்கிறவன். போகிற வருகிறவர்கள் வணக்கம் வைத்தார்கள். அளக்கிற மெஷினோடு நிற்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கல் நடும்போது அதன் அடியில் கரியும் உடைந்த ஓடும் போட்டு மூடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். சாட்சி என்போம். நாளைக்கே எவனாவது கல்லைப் பிடுங்கிப் போட்டாலும் கரி காட்டிக்கொடுத்துவிடும். கரி மக்காது. பழைய இடத்துக் கரியை முழுதாகத் தோண்டி எடுக்க முடியாது, மண்ணோடு மண்ணாகக் கறுத்துப் போயிருக்கும். மேலே மண்ணைப் போட்டு மிதித்து விட்டோம். இந்த வழக்கம் தெரிந்தவர்கள் இப்போது தாலுகாவிலேயே நாலு பேர் இருந்தால் அதிகம்.

அந்த நாலில் ஒருத்தி முத்துமாரி. சொல்லிக் கொடுத்த புத்திசாலி நானேதான். பதினான்கு வருஷத்துக்கு முன் கல் நட்டபோது நூறு நாள் வேலைக்கு மண் வெட்ட வந்தவள், எதற்கு சார் கரி என்று கேட்டாள். வேறு யாரும் கேட்டதில்லை, அந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். இப்போது அந்த வேலைக்கு அவள்தான் பணித்தளப் பொறுப்பாளர். வீடு ஏரிக்குக் கிழக்கே, மிகுதித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்குக் கீழே உள்ள காலனியில். முன்பு பெருவெள்ளம் வந்தபோது கைக்குழந்தையைச் சோற்று அண்டாவில் உட்கார வைத்து, கழுத்தளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு கரையேறியவள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு கைப்பிடி கரி.

"பனங்கொட்டை போட குழி எடுத்தோம் சார். இது வந்துச்சு. கரி இருக்கற எடம்தான் கல்லு எடம்னு நீங்கதானே சொன்னீங்க? கல்லு தள்ளி நிக்குது. எவனோ நவுத்திட்டான் சார்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். நீங்க அளந்த கல்லாச்சே, உங்ககிட்ட சொல்லாம போனா நல்லாருக்குமா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஏரிய அந்தப் பக்கம் அடைச்சா தண்ணி எங்க தெருவுக்குத்தான் சார் வரும். இன்னொரு வாட்டி அண்டால தள்ள முடியாது. பாப்பா வளந்துட்டா."

என் மனைவி சந்திரா காப்பி கொடுத்தாள். முத்துமாரி நின்றபடியே குடித்தாள். உட்காரச் சொன்னோமா என்று நினைவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சர்வேயருக்கு அப்படி இல்லை. சாண் வேறு, முழம் வேறு. என் முப்பத்தோரு வருஷப் பெயர் அந்த டிபன் மூடியில் கிடந்தது.

"நாளைக்கு ஏரிக்கு வா மாரி, சரிசெஞ்சிடலாம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஆள் நடமாட்டம் இருக்காது. அவள் வருவதற்குள் வீரபாகு மூன்றாம் கல்லைப் பிடுங்கிக் குழியை ஆழப்படுத்தி வைத்திருந்தான். பிறகு அவனை ஆம்பூருக்குப் பிரியாணி வாங்க அனுப்பினேன். அடியில் கரி இல்லையென்றால் இது புது இடம் என்று நிரூபணமாகிவிடும், நீயே இறங்கிப் பார் என்று அவளிடம் சொன்னேன். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுக் குழியில் இறங்கினாள். மண்ணைக் கையாலேயே அள்ளி அள்ளி மேலே போட்டாள்.

"கரியே இல்ல சார்! பாத்தீங்களா?" என்று நிமிர்ந்து சிரித்தாள்.

கடப்பாரையை இரண்டு முறைதான் இறக்கினேன். முதல் அடியில் தோள் எலும்பு உடைந்தது. அவள் கையைத் தூக்கி என் காலைப் பிடித்தாள், தள்ளுவதற்கா கும்பிடுவதற்கா என்று தெரியவில்லை. இரண்டாவது அடி தலையில். அதற்குப் பிறகு விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறின, இன்னும் கரியைத் தேடுகிற மாதிரி. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வீரபாகு பொட்டலத்தோடு திரும்பினான். ஓடியிருக்கலாம். ஓடாமல் குழிக்குள் குதித்து அவளைத் தூக்கப் பார்த்தான். "இன்னா சார் பண்ணிட்டீங்க, இன்னா சார் பண்ணிட்டீங்க," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து இரும்பு டேப்பை அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பலசாலி. என் இடது கையைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டான். நீங்கள் நாய்க்கடியா என்று கேட்ட காயம் அதுதான். டேப்பின் விளிம்பு தொண்டையை அறுத்ததில் ரத்தம் என் சட்டை வரை வந்தது. அவன் கால் உதைத்துப் பிரியாணி மண்ணில் சிந்தியது. அடங்குவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. இருபது வருஷம் என் பேச்சை ஒரு தடவைகூட மீறாதவன், அன்றைக்குத்தான் மீறினான்.

முத்துமாரியை மூன்றாம் கல்லுக்கு அடியிலும் வீரபாகுவை நான்காம் கல்லுக்கு அடியிலும் வைத்தேன். கற்களைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நேராக நட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஓடிவிட்டார்கள் என்று ஊர் ஒரு கதை கட்டியது. அந்தக் கதையை நான் கட்டவில்லை. அவள் புருஷன் என்னிடம் வந்து அழுதபோது, விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. தண்ணீர் பழைய எல்லைக்குப் போகப் பார்த்தது, வழியில் கம்பெனி கொட்டிய மண் நின்றது. திரும்பிக் காலனிக்குள் போயிற்று. அவள் வீடு விழுந்தது. பாப்பாவை யாரோ கூரையிலிருந்து இறக்கினார்களாம்.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். மூன்றாம் கல் சாய்ந்திருந்தது. ஒரு விரல்கடை சாய்வு, உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கரியாக இருந்தால் சாயாது. நான் வைத்தது மக்குகிற பொருள், மண் இறங்கிவிட்டது. தொழில்காரன் செய்யக்கூடாத பிழை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் நட்ட கல் கோணலாக நிற்பதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. ரசமட்டமும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளச் சேதம் எழுத வந்த உங்கள் ஏட்டையா, ஊரே வீடிழந்து நிற்கும்போது முழங்கால் சேற்றில் ஒருவன் கல்லை நிமிர்த்துகிறானே என்று பக்கத்தில் வந்தார். வாடையும் அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

நான்காம் கல் சாயவில்லை. அதனால்தான் நீங்கள் அதைத் தோண்டாமல், கொலைகாரன் வீரபாகுவா என்று அவனை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேட வேண்டாம். தோண்டும்போது கல்லைப் பத்திரமாக எடுத்து, முடிந்ததும் அதே இடத்தில் நடச் சொல்லுங்கள். எல்லைக்கல்லை இடம் மாற்றுவது சட்டப்படி குற்றம்.

திட்டமிட்டா செய்தீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை மேடம். முத்துமாரி விஷயத்தில் வேறு வழி இருக்கவில்லை. வீரபாகு கண்ணால் பார்த்துவிட்டதால்தான் அப்படி ஆயிற்று. பிரியாணிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கும், தாமதமாகத்தான் வருவான் என்றே நினைத்தேன். அவன் மேல் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அன்று காலை ஏழு மணிக்கு மூன்றாம் குழியை முடித்துவிட்டு, நான்காம் கல்லையும் பிடுங்கி, அந்தக் குழிக்குள் நின்றபடி அவனே கேட்டான்.

"கல்லுக்கு மூணடி போதுமே சார். இதுவும் அஞ்சடியா? ஜாஸ்தி இல்ல?"

"இல்ல வீரபாகு, சரியா இருக்கும்," என்றேன்.

சரியாகத்தான் இருந்தது.