கட்டிய கையோடு ஒரு தேர்வு

கைக்கெட்டும் தூரத்தில் மணியையும், கடிகாரத்தையும், கனிவையும் சேர்த்தே வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்புமிகு துணைவேந்தர் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும், இந்தக் கூட்டம் கலைந்ததும் அடுத்த அறைக்குப் போய் வாக்களிக்க இருக்கும் கல்விக்குழுப் பெருமக்களே! பாடம் நடத்தி நடத்தியே தொண்டை தேய்ந்துபோன என் சக ஆசிரியர்களே! வெயிலையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகளின் பெருமை காண வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அந்தத் தாய்மார்களில் என்னைப் பெற்றவளும் ஒருத்தி. மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். என்னைப் பார்க்கக்கூடாது என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா, உனக்கும் என் வணக்கம்! விடுதிச் சமையற்கட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே, பேருந்தை நிழலில் நிறுத்திவிட்டுக் கதவோரம் நிற்கும் ஓட்டுநர் அண்ணனே, உழவர்களின் வாசல்தோறும் போய் வேளாண்மை கற்பிக்கப் போகும் என் மாணவச் செல்வங்களே! அத்தனை பேரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'வேளாண் விரிவாக்கக் கல்வியின் எதிர்காலம்'. நல்ல தலைப்புதான். சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் நன்றாகத் தூக்கம் வரும் தலைப்பு. ஆனால் இன்று நான் உங்களைத் தூங்க விடுவதாக இல்லை! இந்தப் பல்கலைக்கழகத்தில், எங்கள் துறையில், ஒரு தேர்வு இருக்கிறது. கைகட்டுத் தேர்வு என்று பெயர். அதை ஒழித்துவிட்டு, கணினி முன் உட்கார்ந்து சரியான விடையைத் தட்டிவிட்டுப் போகும் தேர்வு வைக்கலாமா என்றுதான் இன்னும் சற்று நேரத்தில் வாக்கெடுப்பு. அது கூடாது என்று சொல்லத்தான் வந்தேன். கூடாது என்றால் கூடவே கூடாது!

அது என்ன கைகட்டுத் தேர்வு என்று பெற்றோர்கள் கேட்கலாம். சொல்கிறேன். ஒட்டுக்கட்டுவது தெரியும் அல்லவா? எலுமிச்சைக் கன்றின் தண்டில் பட்டையை மட்டும் கத்தியால் கீறி, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டை அதற்குள் செருகி, நாடா சுற்றுவது. அதைச் செய்யத் தெரிந்தால் போதாது, செய்யச் சொல்லித்தரத் தெரிய வேண்டும். அதனால் தேர்வு எழுதுபவரின் இரண்டு கையையும் கைத்துண்டால் பின்னால் கட்டிவிடுவோம். எதிரில், வாழ்நாளில் ஒட்டுக்கத்தியைத் தொட்டிராத ஒருவர் நிற்பார். இவர் வாயால் சொல்ல வேண்டும், அவர் கையால் செய்ய வேண்டும். அவ்வளவுதான் தேர்வு!

அவ்வளவுதானா? ஐயோ, அதற்குள் எத்தனை பேருக்கு வியர்த்திருக்கிறது தெரியுமா! எங்களிடம் ஒரு மாணவன். மைக்கைக் கண்டால் விடமாட்டான், அதனால் வானொலி என்று பெயர். எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண். அவனுக்கு மாணாக்கராக வந்து வாய்த்தவர் நம்முடைய ஓட்டுநர் அண்ணன். வானொலி தொடங்கினான். தாவரத் திசு என்றான், வளர்படலம் என்றான், ஈரப்பதம் என்றான். அவன் பேசப் பேச, தட்டில் இருந்த மொட்டு வாடிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். கத்திய எந்தப் பக்கம் பிடிக்கணும்? அத மொதல்ல சொல்லுப்பா" என்றாரே பார்க்கலாம்! சிரிக்காதீர்கள். வானொலி, நீ சிரிக்கலாம், அடுத்த முறை தேறிவிட்டாய்.

இன்னொரு பெண். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு வந்தவர் விடுதிச் சமையல்கார அக்கா. பட்டை மட்டும் கீற வேண்டும், உள்ளே கட்டை வெட்டுப்படக் கூடாது. அந்த அழுத்தத்தை எப்படிச் சொல்வது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அந்தப் பெண் கண்ணை மூடி யோசித்தாள். "அக்கா, தக்காளித் தோல மட்டும் கீறுங்க. சாறு வெளிய வரக்கூடாது" என்றாள். அக்கா ஒரே கீறல்! பட்டை அழகாகத் திறந்தது. அதே பெண், அதே நாளில், ஓட்டுநர் அண்ணன் வந்திருந்தால் தக்காளியைச் சொல்லியிருக்க மாட்டாள். பள்ளிக்கூட வாசலில் பிரேக்கை எப்படி மிதிப்பீர்கள் என்று கேட்டிருப்பாள். எதிரில் நிற்பவர் யார், அவர் கைக்கு எது பழக்கம், அவர் நாளெல்லாம் என்ன வேலை செய்கிறார் என்று தேடிப் பார்க்க வைக்கிறதே, அதற்காகத்தான் ஐயா இந்தத் தேர்வு!

"அதெல்லாம் சரி, தேர்வு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கல்விக்குழு உறுப்பினர் ஒருவர் முந்தாநாள் என்னைக் கேட்டார். குடிதான் முழுகும். கேளுங்கள்.

இந்தத் தேர்வு வருவதற்கு முன் இங்கே படித்து வெளியேறியவர் ஒருவர். கைராசிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒட்டுக்கட்டினால் பிடிக்காமல் போனதே இல்லை. நாற்றுப்பண்ணை வைத்திருந்த கணவன் மனைவிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அந்த அம்மாள் கத்தியை எடுத்துத் தயங்கித் தயங்கிக் கீறியிருக்கிறார். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. "குடுங்கம்மா, குடுங்க, நான் செஞ்சு காட்டறேன்" என்று வாங்கிக்கொண்டார். வரிசையாகக் கட்டினார். அத்தனையும் துளிர்த்தது. படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள், பத்திரிகையில் போட்டார்கள். அவர் போய்விட்டார். அடுத்த பருவத்தில் அந்த இருவரும் தாங்களே கட்டினார்கள். பட்டையைக் கீற வேண்டிய இடத்தில் தண்டையே அறுத்திருந்தார்கள். பண்ணை முழுவதும் கருகியது. பண்ணையை மூடிவிட்டு அந்த மனிதர் கூலி வேலைக்குப் போனார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். கருகிய கன்றுகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "அவரு செஞ்சத நாங்க பார்த்தோம். நாங்க செய்யறத அவரு பார்க்கலையேம்மா" என்றார்.

திரும்பி வந்த வாரமே இந்தத் தேர்வைக் கொண்டுவந்தேன்.

கையைக் கட்டுவது அவமானம் என்கிறீர்கள். யாருக்கு அவமானம்? கற்றுக்கொள்ள வந்தவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவது அவமானம் இல்லையா? அவசரப்பட்டு அடுத்தவர் வேலையை அள்ளிக்கொள்வது அவமானம் இல்லையா? காணொளி எடுத்துக் காட்டலாம் என்கிறீர்கள். காணொளி பார்த்து நீச்சல் கற்றவர் யாராவது இந்த அவையில் இருந்தால் எழுந்து நில்லுங்கள், பார்ப்போம்! யாரும் இல்லையா? நல்லவேளை, உயிரோடு இருக்கிறீர்கள்.

மணி அடிக்கிறீர்களா ஐயா? அடியுங்கள். எனக்கு முன்னால் பேசியவர் வாழ்த்துரை என்ற பேரில் தன் வரலாற்றையே சொன்னாரே, அப்போது அந்த மணி எங்கே போயிற்று? கோபிக்காதீர்கள். இனிமேல்தான் முக்கியமானதைச் சொல்லப் போகிறேன்.

இந்தத் தேர்வை ஒழிக்கச் சொல்லி மனு கொடுத்தார்களே, அதில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? என் தங்கையுடையது. என் உடன்பிறந்த தங்கை. அவளும் இங்கேதான் படித்தாள். ஒட்டுக்கட்டுவதில் இந்த வளாகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேர்வன்று அவள் எதிரில் நின்றவர் அலுவலகத் தட்டச்சுக்காரர், நிதானமான மனிதர். அவர் நாடாவை நிதானமாகப் பிரித்தார், நிதானமாகப் பார்த்தார், நிதானமாக மறுபடியும் சுற்றி வைத்தார். இவள் உதட்டைக் கடித்தாள், காலை மாற்றி மாற்றி நின்றாள். கடைசியில் என்ன செய்தாள்? கைக்கட்டை உருவிக் கழற்றி எறிந்துவிட்டு, "தள்ளுங்க சார், நானே கட்டிடறேன்" என்று கத்தியைப் பிடுங்கிவிட்டாள்!

நடுவர்கள் மூன்று பேர். நானும் ஒருத்தி. மற்ற இருவரும், "உங்க தங்கச்சிதானே மேடம், விட்டுடலாம்" என்றார்கள். நான் விடவில்லை. அவளுக்கு வேலை தயாராக இருந்தது. சான்றிதழ் கொண்டுவந்தால் மறுநாளே சேரலாம். நான் விடவில்லை. வீட்டுக்குப் போனேன். என் அம்மா, "அவ கை பட்டா விறகுகூடத் துளிர்க்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அவளையா ஃபெயில் போட்ட? நீ என் வயித்துலதான் பொறந்தியா?" என்று கேட்டாள். தங்கை அன்றிலிருந்து என்னோடு பேசுவதே இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போகிறாள். வலிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், நாளைக்கே அவளுக்கு மறுபடி தேர்வு வைத்து, மறுபடி அவள் கத்தியைப் பிடுங்கினால், மறுபடியும் நான் தேறவில்லை என்றுதான் எழுதுவேன்!

கல்விக்குழுப் பெருமக்களே, உங்களில் ஒருவர்கூட இந்தத் தேர்வை நேரில் பார்த்ததில்லை. பார்க்காததை ஒழிக்கலாமா? அதனால் ஒரு கன்றும் கத்தியும் மொட்டும் கொண்டுவந்திருக்கிறேன். துணைவேந்தர் ஐயா சட்டம் படித்தவர், ஒட்டுக்கத்தியைத் தொட்டதே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து இந்தக் கன்றின் முன்னால் வாருங்கள். நன்றி, பெரிய மனசு. இப்போது சொல்லித்தர ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்? வானொலி, நீ உட்கார், ஐயாவுக்கு நேரமில்லை. வேறு யார்? பின்னாலிருந்து...

நீயா?

வழி விடுங்கள். அவள் வரட்டும். அவையோரே, இவள்தான் என் தங்கை. என்னம்மா? இவள் சொல்வது உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "இறுக்கிக் கட்டுக்கா. போன தடவ லூசா கட்டிட்டாங்க" என்கிறாள். இத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு! இரு, கட்டுகிறேன். கையைப் பின்னால் கொடு.

இனி நான் ஒதுங்கிக்கொள்கிறேன், பாருங்கள். ஐயா கத்தியை வைத்துவிட்டார். மெதுவாக என்கிறாள். ஐயா மெதுவாகத் தடவுகிறார், கத்தி இறங்கவே இல்லை. கொஞ்சம் அழுத்துங்கள் என்கிறாள். ஐயோ, கத்தி தண்டுக்கே போகப் பார்க்கிறது! அவள் தோளைப் பாருங்கள், துடிக்கிறது. கழற்றப் போகிறாளா? இல்லை. இல்லை, நிற்கிறாள். ஐயாவின் சட்டைப் பையைப் பார்க்கிறாள். மைக்கை அவள் பக்கம் திருப்புங்கள்! "ஐயா, நீங்க கையெழுத்துப் போடும்போது பேனாவ எவ்வளவு அழுத்துவீங்க? தாள் கிழியாம, மை மட்டும் பதியற மாதிரி. அவ்வளவு போதும்யா."

கீறிவிட்டார். பட்டை திறந்துவிட்டது. மொட்டு உள்ளே போய்விட்டது. நாடாவையும் அவரே சுற்றுகிறார். கைதட்டுங்கள், அவையோரே, வாய்விட்டுச் சொல்லித்தந்தவளுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!

இது விளையாட்டுக்குக் காட்டியது, இவளைத் தேறினாள் என்று இதை வைத்து எழுத மாட்டேன். முறைப்படி தேதி உண்டு, வேறு நடுவர்கள் உண்டு. ஆனால் பெருமக்களே, இப்போது நீங்கள் எழுந்து போய் அந்தத் தேர்வை ஒழித்துவிட்டால் இவளுக்குச் சான்றிதழ் இன்றைக்கே கிடைத்துவிடும். தேறினேன் என்று சொல்லும் உரிமை எந்த நாளும் கிடைக்காது. அதை இவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். வாக்களிக்கும்போது இந்த முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கும், ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்ட துணைவேந்தர் ஐயாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கட்டை அவிழ்க்க வந்தேன், "இருக்கட்டும்க்கா, இன்னும் யாராவது கத்துக்க வருவாங்களான்னு கேளு" என்கிறாள் இவள். யார் வருகிறீர்கள்? வணக்கம்!