சூத்திரம் தெரியவில்லை என்று ஒரு புகார்

அரசு அலுவலகத்தில் புகார் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அதைப் படித்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டோம். கம்பம் பேருந்தில் முன் இருக்கையில் ஒரு கணக்கு டீச்சர் தன் தோழியிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"பாடத்த கல்வித் துறை வெப்சைட்டுல ஏத்துனா சூத்திரம் வரலடி. டாலர் குறியும் கோடுமா நிக்குது. புகார் குடுத்தேன். பிரவுசர மாத்துங்கன்னாக. மாத்துனேன், அப்பவும் அதேதான்."

"பரீட்சைக்குப் பிள்ளைக என்னக்கா செய்யும்?"

"கையால எழுதி, போட்டோ எடுத்து ஏத்திட்டேன். போட்டோ போடக் கூடாது, எடுங்கன்னாக. முடியாதுன்னுட்டேன்."

"புகாருக்குப் பதில்?"

"சூத்திரமெல்லாம் நல்லாத் தெரியுதாம், புகார முடிச்சுட்டாகளாம். நான் கையால எழுதுன போட்டோவப் பாத்துட்டுச் சொல்றாக."

"என்னைக்கு வந்துச்சு?"

"பரீட்சை முடிஞ்ச மறுநா."